வெலிமடைப் பக்கம் அடுத்த ஏழு நாள் மழை: போனில் எல்லா நாளும் இடிமழைப் படம், வேலையை எப்படிப் பிரிப்பது?

போஞ்சிப்பந்தல்

வணக்கம். வெலிமடையிலிருந்து ஊவா பரணகமப் பக்கம் ஏறும் சரிவில் அரை ஏக்கர் உருளைக்கிழங்கு, 55 நாள் பயிர். அதை ஒட்டி கால் ஏக்கர் போஞ்சி, இந்த வாரம் காய் ஆய வேண்டும். ஐப்பசி பிறந்துவிட்டது. போனில் திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு நாளும் ஒரே படம்தான்: கறுத்த மேகம், மின்னல், 70%, 80%. வானொலியில் ஊவா மாகாணத்துக்கு “பி.ப. 1.00 மணிக்குப் பின்னர் பல இடங்களில் மழையோ அல்லது இடியுடன் கூடிய மழையோ” என்று வாசிக்கிறார்கள்.

இரண்டும் ஒன்றைத்தான் சொல்கின்றனவா? கிழங்குக்கு மருந்து எந்த நாளில் அடிப்பது, கொஞ்சம் யூரியாவும் போட்டுவிடலாமா, போஞ்சியை எப்போது ஆய்வது என்று தெரிய வேண்டும். அதைவிட முக்கியமாக ஒன்று. வீட்டுக்குப் பின்னால் எட்டு அடி உயரத்துக்கு நேராக வெட்டிய மண் சுவர் இருக்கிறது. எவ்வளவு மழைக்கு மேல் போனால் அதற்குப் பயப்பட வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மழைமானி

தம்பி, இரண்டும் ஒன்றைத்தான் சொல்கின்றன. ஆனால் உங்கள் வேலைக்கு உதவுவது வானொலியில் வந்த அந்த வசனம்தான். போன் ஒரு நாளைக்கு ஒரே படம்தான் காட்டும், அதுவும் அந்த நாளின் மோசமான நேரத்துக்குரிய படம். காலை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை வெயில் அடித்து, மூன்று மணிக்கு அரை மணித்தியாலம் கொட்டினாலும் அது இடிமழை நாள்தான். 70% என்பதும் நாளில் எழுபது பங்கு நேரம் மழை என்றோ கனமழை என்றோ பொருள்படாது. உங்கள் இடத்தில் அன்றைக்கு அளக்கும் அளவுக்கு மழை விழ நூற்றுக்கு எழுபது வாய்ப்பு, அவ்வளவே. இரண்டு மில்லிமீற்றரும் அதில் அடங்கும், எண்பது மில்லிமீற்றரும் அடங்கும்.

ஒக்டோபர், நவம்பர் நமக்கு இரண்டாவது இடைப்பருவப் பெயர்ச்சிக் காலம். தென்மேற்குக் காற்று ஓய்ந்துவிட்டது, வடகீழ்க் காற்று இன்னும் நிலைக்கவில்லை. பெரிய காற்று எதுவும் இல்லாதபோது மழையைத் தீர்மானிப்பது வெயிலும் மலைச்சரிவும் கரையோரத்திலிருந்து உள்ளே வரும் கடற்காற்றும்தான். காலையில் சரிவு சூடேறும், பதினொரு மணிக்கு மேகம் குவியும், ஒன்று இரண்டு மணிக்கு மேல் இடிக்கும், இருட்டி ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் விட்டுவிடும், பிறகு பனிமூட்டம். அறிக்கையில் “பி.ப. 1.00 மணிக்குப் பின்னர்” என்று வந்தால் இந்த ஒழுங்கு நடக்கிறது, காலைப் பொழுது உங்கள் கையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கவனிக்க வேண்டியது அந்தச் சொற்கள் காணாமல் போகும் நாளைத்தான். “அவ்வப்போது மழை” என்றோ, வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்றோ வந்துவிட்டால் காலை மாலை ஒழுங்கு உடைந்துவிடும். அப்போது மழை இரவிலும் பெய்யும், அதிகாலையிலும் பெய்யும், விடாமல் பெய்யும். வடகிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று நேராக வந்து மோதுவது நம்முடைய ஊவாச் சரிவுகளில்தான். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி அந்த வகை. அந்த மாதிரி மழையை மதிய இடிமழையோடு சேர்த்து எண்ணவே கூடாது.

அறிக்கையில் இன்னும் இரண்டு சொற்களைப் பிரித்துக் கேளுங்கள். “பல இடங்களில்” என்பதும் “சில இடங்களில்” என்பதும் வேறு. “சில இடங்களில் 75 மி.மீ. இலும் கூடிய மழை” என்றால் மாகாணம் முழுக்க 75 அல்ல, எங்கோ ஓரிரு இடங்களில் அவ்வளவு விழக்கூடும் என்பதுதான். அந்த ஓர் இடம் உங்கள் சரிவாக இருக்கலாம், பக்கத்துச் சரிவாகவும் இருக்கலாம். இடிமழை மேகம் சில கிலோமீற்றர் அகலம்தான் இருக்கும், பண்டாரவளையில் ரோட்டில் வெள்ளம் ஓடும்போது வெலிமடையில் புழுதி பறக்கும். இதை எந்தச் செயலியும் முதல் நாளே சொல்லாது.

ஆகவே ஏழு நாளையும் ஒரே மாதிரி நம்ப வேண்டாம். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளுக்குத் திட்டம் போடுங்கள். வியாழன் முதல் ஞாயிறு வரை தாழமுக்கம் ஏதும் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். புதன் மாலை அறிக்கையைக் கேட்டுவிட்டு அடுத்த நான்கு நாள் வேலையை முடிவுசெய்யலாம்.

ஊவாக்காற்று

மழைமானி அண்ணே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். செயலியில் எந்த ஊர் பதிந்திருக்கிறது, அதற்கு எவ்வளவு உயரம் போட்டிருக்கிறது என்று பாருங்க. பல செயலிகள் எடுக்கும் உலகக் கணிப்புகளில் ஒரு கட்டம் 9 முதல் 25 கிலோமீற்றர் அகலம். வெலிமடைக்கும் நுவரெலியாவுக்கும் நேர்கோட்டுத் தூரம் சுமார் 15 கிலோமீற்றர்தான். பெரிய கட்டமாக இருந்தால் இரண்டு ஊரும் ஒரே கட்டத்துக்குள் விழும், நடுவில் நிற்கும் ஹக்கலை மலை கணக்கிலேயே வராது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், வெலிமடை நகரம் அதைவிட 700 மீற்றருக்கு மேல் தாழ்வு. 100 மீற்றருக்கு 0.65 பாகை என்று கணக்குப் போட்டாலே நாலரைப் பாகைக்கு மேல் வித்தியாசம் வரும்.

ஜூன், ஜூலையில் இது இன்னும் பெரிய தவறாகப் போகும். நுவரெலியாவில் நாள் முழுக்கத் தூறல், ஹக்கலை தாண்டி இறங்கினால் வரண்ட காற்றும் வெயிலும். அட்டன், கினிகத்தேனை, வட்டவளை பக்கம் மழையைக் கொட்டிவிட்டு வரும் காற்று நம்ம பக்கம் இறங்கும்போது காய்ந்துவிடும். அந்த மாதங்களில் மத்திய மாகாணத்துக்குச் சொல்லும் மழையைக் கேட்டு ஊவாவில் வேலையை நிறுத்தக் கூடாது. இப்போது ஐப்பசியில் இரண்டு பக்கமும் நனையும். மார்கழி, தையில் நம்ம பக்கம்தான் அதிகம்.

வானத்தைப் பார்க்கத் தெரிந்தால் அன்றன்றைய நேரத்தைச் சரியாகப் பிடிக்கலாம். காலை பத்து மணிக்கு முன்பே கோவாப்பூ மாதிரி மேகம் உயர உயர எழுந்தால் மழை பன்னிரண்டு மணிக்கே வரும், மதியச் சோற்றுக்கு முன் எல்லாவற்றையும் எடுத்து வைக்க வேண்டும். காலையிலேயே மெல்லிய வெண்மேகம் வானம் முழுக்கப் படர்ந்து வெயில் மங்கினால் சரிவு சூடேறாது, இடி பிந்தும் அல்லது லேசாகப் போகும். விடியும்போதே சாம்பல் நிறத்தில் தாழ்ந்த மேகம், கிழக்கிலிருந்து குளிர்காற்று, ராத்திரி முழுக்க விடாத தூறல் என்றால் அதுதான் மேலே சொன்ன ஒழுங்கு உடைந்த நாள். அன்றைக்கு வேலையை விடுங்க, வீட்டுச் சுவரைக் கவனிங்க.

கான்வெட்டு

தோட்ட வேலைக்கு வருவோம்.

முதலில் யூரியா. 55 நாள் கிழங்குக்குப் போடவே வேண்டாம். மேலுரம் மண் அணைக்கும்போதே முடிந்திருக்க வேண்டிய விஷயம். இப்போது போட்டால் இலை தழைக்கும், கிழங்கு முற்றுவது பிந்தும், இலை அடர்ந்தால் உள்ளே ஈரம் காயாது, நோய்க்கு நீங்களே பாய் விரித்துக் கொடுத்த மாதிரி. அதோடு சரிவில் மதியம் அடிக்கும் மழை பாதியை உமா ஓயாவுக்குக் கொண்டுபோய்விடும்.

மருந்து. இந்த வாரம் பயப்பட வேண்டியது பின் வெளிறல் நோய்க்கு. இரவு குளிர், மாலை மழை, காலை ஒன்பது மணிவரை பனி. இலை பத்து மணித்தியாலத்துக்கு மேல் ஈரமாகவே கிடந்தால் அதற்குப் போதும். வயலுக்குள் போய் இலை ஓரத்தைப் பாருங்கள். தண்ணீர் ஊறின மாதிரி கரும்பச்சைத் திட்டு தெரிந்தால் அந்த இலையைத் திருப்புங்கள். விடியற்காலையில் திட்டைச் சுற்றி வெள்ளைப் பூஞ்சணம் மாவு தூவினது போல வளையமாக நிற்கும். வெயில் ஏறிவிட்டால் அது மறைந்துவிடும், ஆகவே ஏழு மணிக்கு முன்னால் பாருங்கள். தாழ்வான மூலை, மரநிழல் விழும் ஓரம், பக்கத்து வயலை ஒட்டிய வரிசை, இந்த மூன்று இடத்தில்தான் முதலில் வரும்.

திட்டு இல்லையென்றால் மேன்கோசெப் போன்ற மேற்பூச்சு மருந்து போதும். 80% தூள் என்றால் வழக்கமாக 10 லீற்றருக்கு 20 கிராம், 16 லீற்றர் டாங்கிக்கு 32 கிராம். ஆனாலும் கையிலுள்ள பக்கெட்டின் லேபிளைப் பார்த்தே கரையுங்கள். மழைக்காலம் என்று அளவைக் கூட்டினால் மருந்து கூடுதலாக ஒட்டாது, இலைதான் கருகும். திட்டு கண்டுவிட்டால் மேற்பூச்சு மருந்து மட்டும் காப்பாற்றாது. இலைக்குள் ஊடுருவும் மருந்து கலந்ததை எடுக்க வேண்டும், அதையும் அடுத்தடுத்து ஒரே வகையாக அடிக்கக் கூடாது. எதை எடுப்பது என்று விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழையுங்கள்.

நேரம்தான் முக்கியம். பனி காயாமல் அடித்தால் மருந்து இலையிலிருந்து வழிந்து மண்ணில் விழும். எட்டரைக்குத் தொடங்கி பத்தரைக்குள் முடித்துவிட்டால், ஒரு மணிக்குப் பின்தான் மழை என்றாலும் கடைசி வரிசைக்கு இரண்டரை மணித்தியாலம் காய நேரம் கிடைக்கும். நான்கு மணித்தியாலம் கிடைத்தால் இன்னும் நல்லது. அரை ஏக்கரை ஒரே ஆள் அந்த நேரத்துக்குள் முடிக்க முடியாது. இரண்டு டாங்கி, இரண்டு ஆள், தண்ணீரை முதல் நாள் மாலையே பீப்பாயில் நிரப்பி வயல் ஓரத்தில் வைத்துவிடுங்கள். இலையின் அடிப்பக்கம் நனையும்படி குழாயைக் கீழிருந்து மேலே பிடித்து அடியுங்கள். முகமூடி, கையுறை, நீளக்கைச் சட்டை கட்டாயம்.

போஞ்சிக்கும் அதே காலைப் பொழுதுதான், அதனால் இரண்டையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். திங்கள் மருந்து, செவ்வாய் போஞ்சி. இலை ஈரமாக இருக்கும்போது பந்தலுக்குள் நுழைந்தால் துருநோயும் காய்ப்புள்ளி நோயும் உங்கள் கையாலும் சட்டையாலும் வரிசை வரிசையாகப் பரவும். ஒன்பது மணிக்குப் பனி காய்ந்தபின் தொடங்கி பதினொன்றரைக்குள் ஆய்ந்து முடியுங்கள். ஆய்ந்த காயை நிழலில் சாக்கு விரித்து ஒரு மணித்தியாலம் பரப்பி வைத்து, ஈரம் காய்ந்த பிறகு கூடையிலோ சணல் சாக்கிலோ போடுங்கள். ஈரக் காயை பொலித்தீன் உரையில் கட்டி அனுப்பினால் கெப்பெட்டிபொலைச் சந்தைக்குப் போய்ச் சேருமுன் சூடேறிவிடும், மறுநாள் வழுவழுப்புத்தான். போஞ்சி இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை ஆய வேண்டிய பயிர். செவ்வாய்க்கிழமையை விட்டால் வெள்ளிக்குள் நார் விழுந்துவிடும், விலையும் விழும்.

சாரல்

காலையில் நேரம் போதாதென்றால் மழை விட்ட பிறகு மாலை ஐந்து மணிக்கு மருந்து அடிக்கலாமே? காற்றும் இருக்காது, தேனீயும் இருக்காது.

கான்வெட்டு

வரண்ட காலத்துக்கு நல்ல யோசனை, ஐப்பசிக்குச் சரிவராது. மழையில் நனைந்த இலை மாலை ஐந்துக்குப் பின் காயவே காயாது. அதன்மேல் அடிக்கும் மருந்து தண்ணீரோடு கலந்து மெலியும், நுனியில் சொட்டி இறங்கும். இருட்டுவதற்குள் முடிக்க வேண்டிய அவசரத்தில் அடிப்பக்கமும் தவறும். மேல்மழை மறுபடி எட்டு மணிக்குப் பெய்தால் மொத்தமும் வீண். காலை தவறினால் மறுநாள் காலைக்குத் தள்ளுங்கள்.

போஞ்சிப்பந்தல்

எல்லாருக்கும் நன்றி. இரண்டு கேள்வி. மருந்து அடித்த பிறகு மழை பெய்தால் மறுபடி அடிக்க வேண்டுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அப்புறம், மில்லிமீற்றர் மில்லிமீற்றர் என்கிறீர்கள், எங்கள் பக்கத்தில் மழைமானி ஏதுமில்லை. அளக்க வழி உண்டா? எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினால் மழை என்று பெரியவர்கள் சொல்வதையும் கேட்டிருக்கிறேன், அதை நம்பலாமா?

மழைமானி

எறும்பு, தாழப் பறக்கும் தும்பி எல்லாம் காற்றில் ஈரம் ஏறுவதைக் காட்டும். ஐப்பசியில் அது தினமும் ஏறும். மழை எத்தனை மில்லிமீற்றர் என்று எறும்பு சொல்லாது, உங்களுக்கு வேண்டியதோ அந்தக் கணக்குத்தான்.

வீட்டிலேயே அளக்கலாம், செலவு மிகக் குறைவு. ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்று, உள்வாய் விட்டம் 11.3 சென்ரிமீற்றர் உள்ள புனல் ஒன்று, நாலு அங்குல பி.வி.சி. குழாயில் ஓர் அடித் துண்டு ஒன்று. அந்த 11.3 என்ற அளவைத் தேடிச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்த வாயின் பரப்பு கிட்டத்தட்ட 100 சதுர சென்ரிமீற்றர் வரும். அப்போது 10 மில்லிலீற்றர் தண்ணீர் சேர்ந்தால் 1 மில்லிமீற்றர் மழை. மருந்துக்கடையில் கிடைக்கும் 10 மி.லீ. சிரிஞ்சால் உறிஞ்சி எண்ணினால் ஒரு சிரிஞ்ச் ஒரு மில்லிமீற்றர். புனல் 10 சென்ரிமீற்றர் என்றால் பரப்பு 78.5, ஒரு மில்லிமீற்றருக்கு 7.85 மி.லீ. வேறு அளவு என்றால் விட்டத்தின் பாதியை அதே எண்ணால் பெருக்கி 3.14 ஆல் பெருக்குங்கள், அது பரப்பு. சேர்ந்த மில்லிலீற்றரைப் பரப்பால் வகுத்து 10 ஆல் பெருக்கினால் மில்லிமீற்றர் வந்துவிடும்.

குழாய்த் துண்டை மூன்று நான்கு அங்குலம் மண்ணில் இறக்கி, அதற்குள் போத்தலை நிறுத்தி, மேலே புனலை வைத்து காற்றுக்கு ஆடாமல் கம்பியால் கட்டுங்கள். புனலின் வாய் நிலத்திலிருந்து ஓர் அடிக்கு மேல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிலத்தில் பட்டுத் தெறிக்கும் துளியும் உள்ளே விழும். வாய் சமமட்டமாக இருக்கட்டும். வீடோ மரமோ பக்கத்தில் இருந்தால் அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள். கூரைக்குப் பக்கத்தில் வைத்தால் கூரையில் வழிவதைத்தான் அளப்பீர்கள். பக்கம் செங்குத்தாக இறங்கும் புனலே நல்லது. தட்டையானதில் பெருந்துளி பட்டு வெளியே துள்ளிவிடும்.

வளிமண்டலவியல் திணைக்களம் ஒரு நாள் மழையைக் கணக்கிடுவது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. நீங்களும் அந்த நேரத்துக்கே அளந்து, நாட்காட்டியில் அந்தந்தத் தேதிக்கு மேல் எழுதுங்கள். எழுதியதும் போத்தலைக் கவிழ்த்துக் காலி செய்யுங்கள். ஆனால் ராத்திரி மழை கனத்தால் காலைவரை காத்திருக்க வேண்டாம், டோர்ச் அடித்துப் பாருங்கள். போத்தலில் 750 மி.லீ., 1 லீற்றர் ஆகிய இடங்களில் முன்கூட்டியே நிறத்தாளில் கோடு ஒட்டி வைத்தால் அந்த நேரத்தில் சிரிஞ்ச் தேவையில்லை. அந்தக் கோடுகள் எதற்கென்று அடுத்தவர் சொல்வார் என்று நினைக்கிறேன்.

மருந்துக்கும் இதே போத்தல்தான் பதில் சொல்லும். அடித்து நன்றாகக் காய்ந்த பிறகு மொத்தம் 25 மி.மீ. வரை பெய்தால் வழக்கமான இடைவெளியை மாற்ற வேண்டாம். 25க்கும் 50க்கும் நடுவில் என்றால் இடைவெளியைப் பாதியாக்குங்கள், ஏழு நாள் என்றால் நான்காம் நாள். 50ஐத் தாண்டிவிட்டால் இலையில் மருந்து மிச்சமில்லை என்று வைத்து, அடுத்த காய்ந்த காலையிலேயே மறுபடி அடியுங்கள். மேற்பூச்சு மருந்துக்குத்தான் இந்தக் கணக்கு.

சரிவுக்காவல்

அந்தக் கோடுகளை நான் சொல்கிறேன். மண்சரிவு எச்சரிக்கையை வெளியிடுவது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். 24 மணித்தியாலத்தில் மழை 75 மி.மீ. தாண்டினால் மஞ்சள், விழிப்பாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் செம்மஞ்சள், வெளியேறத் தயாராக நிற்க வேண்டும். 150 தாண்டினாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலோ சிவப்பு, வெளியேற வேண்டும். உங்கள் 11.3 சென்ரிமீற்றர் புனலில் 75 என்பது 750 மி.லீ. கோடு, 100 என்பது ஒரு லீற்றர் கோடு, 150 என்றால் ஒன்றரை லீற்றர் போத்தல் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். போத்தல் நிறையும்வரை யாரும் உள்ளே இருக்கக் கூடாது.

ஆனால் தம்பி, உங்கள் வீட்டுக்கு இந்த எண்களை அப்படியே எடுக்காதீர்கள். இவை பெரிய சரிவுகளை மனதில் வைத்து, பிரதேச செயலகப் பிரிவு அளவில் எச்சரிக்கை விடுவதற்கான எல்லைகள். எட்டு அடிக்கு நேராக வெட்டி, தாங்குசுவர் இல்லாமல் விட்ட மண் அதைவிடக் குறைந்த மழைக்கே விழும். நான்கு நாள் தினமும் முப்பது நாற்பது மில்லிமீற்றர் குடித்த மண்ணுக்கு ஐந்தாம் நாள் ஐம்பதே போதும். அதனால் அன்றைய கோட்டை மட்டும் பார்க்காமல் நாட்காட்டியில் கடந்த மூன்று நாளையும் கூட்டிப் பாருங்கள்.

இன்றைக்கே, மழைக்கு முன், சுவரின் உச்சிக்கு ஏறிப் பாருங்கள். விளிம்புக்கு இணையாக, ஓரிரு அடி உள்ளே தள்ளி, மண்ணில் கோடு போல வெடிப்பு ஓடுகிறதா? புல்லை விலக்கிப் பார்க்க வேண்டும், புல்லுக்குள் அது மறைந்திருக்கும். ஈர்க்குச்சி இறங்கும் வெடிப்பு இருந்தாலே அது ஆபத்துத்தான். அதைக் களிமண்ணால் இறுக்கி அடைத்து, மேலே தறப்பால் விரித்து, தறப்பாலின் மேல் விளிம்பை மண்ணுக்குள் புதைத்து விடுங்கள், தண்ணீர் வெடிப்புக்குள் இறங்கக் கூடாது. இது இந்த வாரத்தைக் கடப்பதற்குத்தான், நிரந்தரத் தீர்வு அல்ல. சுவரின் நடுவில் வயிறு தள்ளினாற்போல மண் புடைத்திருக்கிறதா, அடியில் புதிதாக ஊற்றுக் கசிகிறதா என்றும் பாருங்கள். கசியும் துளையை அடைக்கவே கூடாது, உள்ளே தண்ணீர் கட்டி மொத்தமாகத் தள்ளிவிடும். அடியில் மண்ணை வெட்டி எடுப்பதும் கூடாது, சுவர் நிற்பதே அதன்மேல்தான்.

உச்சிக்கு மேலே, விளிம்பிலிருந்து ஆறு ஏழு அடி தள்ளி, சரிவுக்குக் குறுக்காக ஒரு கான் வெட்டி மேலிருந்து வரும் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்புங்கள். 120க்கு 1 என்ற வாட்டம் போதும். தெளிந்த பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பிடித்தால் 20 அடிக்கு 2 அங்குலம் இறங்க வேண்டும். வாட்டம் கூடினால் கானே அரித்துப் பள்ளமாகும், குறைந்தால் தண்ணீர் தேங்கி மண்ணுக்குள் இறங்கும். கானின் வாய் எங்கே முடிகிறது என்பதிலும் கவனம் வேண்டும், பக்கத்து வீட்டுச் சுவரின் தலையில் கொண்டுபோய் விடக் கூடாது. கிழங்கு வயலின் கானும் அப்படித்தான், வாடல் நோய் உள்ள வயலின் தண்ணீர் அடுத்த வயலுக்குள் பாய்ந்தால் நோயும் கூடவே போகும்.

இந்த வாரம் சுவரை ஒட்டிய அறையில் யாரும் படுக்க வேண்டாம், முன்பக்க அறைக்கு மாறுங்கள். ராத்திரியில் கதவு, ஜன்னல் திடீரென்று இறுகினாலும், சுவரில் புது வெடிப்பு தெரிந்தாலும், ஊற்றுத் தண்ணீர் சேறாக மாறினாலும் அல்லது சட்டென்று நின்றாலும், மரமும் வேலிக் கம்பமும் சாய்ந்திருந்தாலும், மில்லிமீற்றர் பார்க்க வேண்டாம், எச்சரிக்கை வரட்டும் என்று நிற்கவும் வேண்டாம். சரிவுக்கு நேர்கீழே ஓடாமல் பக்கவாட்டில் விலகுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லுங்கள். மழை விட்டவுடன் திரும்பிப் போவதும் தவறு, ஊறிய மண் மழை நின்ற பிறகும் இறங்கும். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று மலை இறங்கியது காலைப் பொழுதில். அதுவும் இதே இடைப்பருவக் காலம்தான்.

சாரல்

மின்னலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஏப்ரலும் ஒக்டோபர், நவம்பரும்தான் நமக்கு மின்னல் அதிகமான மாதங்கள். வெளிச்சம் தெரிந்து இடி கேட்கும்வரை எண்ணுங்கள், மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீற்றர். முப்பதுக்குள் இடி கேட்டால் பத்துக் கிலோமீற்றருக்குள் இருக்கிறது, வயலை விட்டு வீட்டுக்குள் போக வேண்டும். சவுக்கு மரத்தடியிலோ நாலு கம்பில் நிற்கும் தகரக் கொட்டிலிலோ ஒதுங்கக் கூடாது. மண்வெட்டியையும் மருந்து டாங்கியையும் வயலிலேயே விட்டுவிடுங்கள், கம்பி வேலியைத் தொட வேண்டாம். கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் கழித்துத்தான் மறுபடி வெளியே போகலாம்.

போஞ்சிப்பந்தல்

சுவருக்கு மேலே ஏறிப் பார்த்தேன். புல்லுக்குள் வெடிப்பு இருக்கிறது, விளிம்பிலிருந்து ஒன்றரை அடி உள்ளே, கிட்டத்தட்ட எட்டு அடி நீளம். ஈர்க்குச்சி ஒரு சாண் இறங்குகிறது.

சரிவுக்காவல்

அப்படியென்றால் மருந்தும் போஞ்சியும் பிறகு, தம்பி. இன்று மதிய மழைக்கு முன் வெடிப்பை அடைத்துத் தறப்பாலைப் போடுங்கள். ஆனால் அந்த ஒன்றரை அடி விளிம்பில் யாரும் ஏறி நிற்கக் கூடாது, வெடிப்புக்கு மேற்பக்கத்தில் நின்றே வேலை செய்யுங்கள், கீழே வீட்டுக்குள் ஆள் இல்லாத நேரமாகப் பாருங்கள். இன்றிரவு முன்னறையும் வேண்டாம், சரிவுக்கு அப்பால் இருக்கும் உறவினர் வீட்டில் படுங்கள். வெடிப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முளை அடித்து, நடுவிலுள்ள தூரத்தை டேப்பால் அளந்து எழுதுங்கள், காலையிலும் மாலையிலும். முளைகளுக்கு மேலே உள்ள தறப்பாலின் ஓரத்தை மட்டும் கல் வைத்து அமர்த்தினால் தூக்கிப் பார்க்கச் சுலபம். தூரம் சில மில்லிமீற்றர் கூடினாலும் மண் நகர்கிறது என்று பொருள், அதன்பின் அந்த வீட்டுக்குள் எவரும் போகக் கூடாது. நாளை காலை கிராம உத்தியோகத்தரிடம் போட்டோவோடு எழுத்தில் கொடுங்கள். பிரதேச செயலகம் வழியாக தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து ஆள் வந்து பார்க்கக் கேளுங்கள். முளையின் அளவை இங்கேயும் போடுங்கள்.